எட்டு நிமிடத்துக்கு ஒரு டிராம்

காலை 11:05.

உறை இழுப்பறையில்தான் இருந்தது. அரக்கு முத்திரைகூட உடையவில்லை. ஆனால் அடிப்பக்கத்தை யாரோ பிளேடால் கீறியிருந்தார்கள். உள்ளே நாளைய மின்காந்தவியல் தேர்வின் வினாத்தாள் தலைகீழாகச் செருகப்பட்டிருந்தது.

இணைப் பேராசிரியை ராடேவா கூச்சல் போடவில்லை. குனிந்து பார்த்தார். மேஜைக்கு அடியில், சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய ஒரு கைக்கயிறு. நடுவில் நீல மணி.

மார்ச் பிறந்ததும் கையில் கட்டி, மரம் பூத்ததும் அவிழ்த்துக் கிளையில் கட்டிவிடும் கயிறு; மரத்தில் கட்டியதை அப்புறம் யாரும் தொடமாட்டார்கள். மார்ச்சில் சோபியா நகரத்தில் அது இல்லாத மணிக்கட்டே கிடையாது. ஆனால் இயற்பியல் இரண்டாம் ஆண்டில் நீல மணி கோத்த கயிறு ஒன்றே ஒன்றுதான். நெவேனாவின் அம்மா கோத்து அனுப்பியது.

ஐந்தாவது நிமிடம் நெவேனா அந்த அடித்தள அறையில் நின்றாள். லேப் உதவியாளர் மெத்தோடியும், அன்று லேப்பில் இருந்த மற்ற இரண்டு மாணவர்களான போயானாவும் லாசாரும் கதவோரம் நின்றார்கள்.

"கயிறு உன்னோடதுதானே?"

"ஆமா மேடம். ஆனா நேத்தே அவுத்து வாசல்ல பிளம் மரத்துல கட்டிட்டேன். பூ விட்டுடுச்சுல்ல?"

"யார் பார்த்தது?"

"ஏழெட்டுப் பேர் கட்டிக்கிட்டிருந்தாங்க. யார் என்னைப் பார்த்தாங்கன்னு எப்படிச் சொல்றது?"

"மரத்துல கட்டின கயிறு நடந்து வந்து என் மேஜைக்கு அடியில படுத்துக்கிச்சாக்கும்!"

ராடேவா மெத்தோடி பக்கம் திரும்பினார். "பத்துலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் நான் மேல மூணாவது மாடியில வகுப்பு எடுத்துக்கிட்டிருந்தேன். கீழே யார் வந்தது?"

"ஈ, காக்காகூட வரல மேடம். படிக்கட்டு வாசல்ல நான் உட்கார்ந்திருந்தேன். உள்ள இருந்தது இந்த மூணு பேருதான். ஆளுக்கு ஓர் அறை. உங்க அறைச் சாவி அந்தக் கடைசி ஆணியில, எல்லார் கைக்கும் எட்டற மாதிரி தொங்கிக்கிட்டிருந்துச்சு. அங்க என் பார்வை போகாது."

"போயானா எங்க இருந்தா?"

"பம்பு அறையிலதான். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்தப் பம்பைத் திட்டிக்கிட்டே இருந்துச்சு. என் மிலிட்டரி சர்வீஸ்லகூட அப்படித் திட்டு கேட்டதில்ல."

போயானா முகம் சிவந்தாள். "எண்ணெய் ஒழுகுது அண்ணே, கொஞ்சுவாங்களா?"

"லாசார்?"

லாசார் தன் தாளை நீட்டினான். முறுக்குத் தராசு. கம்பியில் தொங்கும் கண்ணாடியிலிருந்து சுவரில் விழும் ஒளிப்புள்ளியை நிமிடத்துக்கு ஒரு முறை குறிக்க வேண்டும். அறுபது நிமிடம், அறுபது ரீடிங். ஒன்றுகூட விடவில்லை. ஓரத்தில் எட்டு இடத்தில் சிறு பெருக்கல் குறி.

அந்தக் குறி அந்த லேப்பின் பழக்கம். சுவருக்கு அந்தப் பக்கம் டிராம் பாதை. வண்டி போனால் கருவிகள் நடுங்கும். அந்த ரீடிங்குக்குப் பக்கத்தில் குறி போட்டு, கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட வேண்டும்.

"மேடம், நெவேனா அப்படிப்பட்டவ இல்ல" என்றான் லாசார், தணிந்த குரலில். "வேற ஏதாவது நடந்திருக்கும்."

ராடேவா நெவேனாவின் தாளைப் பிரித்தார். இருட்டறை, சோடியம் விளக்கு, ஒளி வளையங்களை எண்ணும் சோதனை. ஓரம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"பதினெட்டு வருஷமா இந்த லேப்பைப் பார்க்கறேன். குறி இல்லாத தாளைப் பார்த்ததே இல்ல. ஒரு மணி நேரத்துல ஒரு டிராம்கூடவா போகல?"

"வளையம் அசையவே இல்ல மேடம். வரைஞ்சு வெச்ச மாதிரி நின்னுச்சு."

"உட்கார்ந்து பார்த்திருந்தா அசைஞ்சிருக்கும். என்ன பேட்ச்சோ இது! மேல வகுப்புல பாதி பெஞ்ச் காலி. கீழ லேப்ல தாளை ஜோடிக்கறீங்க."

11:14. மேஜைமேல் இருந்த தேநீர்க் கோப்பையில் மெல்லிய அலை எழுந்து அடங்கியது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

"பன்னிரண்டுக்கு டீன்கிட்ட போறேன். பதிவேட்டுலேர்ந்து உன் பேரை அடிச்சுடுவாங்க. உனக்கே தெரியும்."

தெரியும். பெயரை அடித்தால் வேறெந்தப் பல்கலைக்கழகமும் சேர்க்காது. நெவேனா கடிகாரத்தைப் பார்த்தாள். அழுகையை விழுங்கினாள். அழுதால் பத்து நிமிடம் போகும். கையில் இருப்பதே நாற்பத்தைந்துதான்.

"பன்னிரண்டு வரைக்கும் எனக்கு நேரம் இருக்குல்ல மேடம்?"

"இருக்கு."

"போதும்."

11:20.

நேராக இருட்டறைக்குப் போனாள். விளக்கைப் போட்டாள். வளையங்களை நகர்த்தும் திருகாணியைத் தொடவில்லை. கண்ணை வைத்துக் காத்திருந்தாள். மஞ்சள் வளையங்கள் அசையாமல் நின்றன.

11:22. வளையங்கள் சிலிர்த்தன. கலங்கின. மறுபடி தெளிந்தன.

நெவேனா நகரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு எட்டு நிமிடம் காத்திருந்தாள். ஒரு தடவை நடந்தால் அது தற்செயல். இரண்டாவது ரீடிங் வேண்டும்.

11:30. மறுபடியும் சிலிர்ப்பு.

அதே கருவி. அதே மேஜை. அதே கண். மாறியது எது?

படிகளை இரண்டிரண்டாகத் தாவினாள். மெத்தோடி, "கோட்டைப் போட்டுக்கிட்டுப் போ புள்ள!" என்று கத்தியது காதில் விழவில்லை.

11:38. நிறுத்தத்தில் டிராம் வந்து நின்றது. ஓட்டுநர் ஜன்னல் வழியே தலையை நீட்டி சிகரெட் பற்றவைத்தார். நெவேனா மூச்சிரைக்க ஒரு கேள்வி கேட்டாள். அவர் பதில் சொன்னார். இரண்டாவது கேள்வி கேட்டாள். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, ஒரு பயணச்சீட்டின் பின்புறத்தில் இரண்டு வரி எழுதி, தன் பணி எண்ணையும் போட்டுக் கொடுத்தார்.

11:50.

"எல்லாரும் இருக்கணும் மேடம்" என்றாள் நெவேனா. எல்லாரும் இருந்தார்கள்.

"லாசார், ஒரே ஒரு சந்தேகம். 10:26க்கு ஒரு குறி போட்டிருக்கே. ஒளிப்புள்ளி எவ்வளவு குதிச்சுது?"

"நாலு கோடு இருக்கும். ரெண்டு பெட்டி வண்டி போல."

"நீயே பார்த்தியா?"

"பின்ன? பக்கத்து வீட்டுக்காரன் வந்து பார்த்துட்டுப் போனானா?"

"மத்த ஏழும்?"

"எல்லாமேதான். என்னடி இது, என்னை விசாரிக்கறே?"

நெவேனா பயணச்சீட்டை மேஜைமேல் வைத்தாள்.

"வளைவுல மின்கம்பி அறுந்து விழுந்துடுச்சு மேடம். ஒன்பதே முக்காலுக்கு நின்ன டிராம், பதினொண்ணு பத்துக்கு மேலதான் ஓட ஆரம்பிச்சுது. ஓட்டுநர் கையெழுத்து போட்டிருக்கார். உங்க வகுப்புல பாதி பெஞ்ச் காலியா இருந்ததும் அதனாலதான்."

ராடேவா சீட்டை எடுத்து இரண்டு வரியையும் படித்தார்.

"என் தாள்ல குறி இல்ல. ஏன்னா நான் உட்கார்ந்திருந்தேன். டிராம் வரல. இவன் தாள்ல எட்டு குறி இருக்கு. 10:02, 10:10, 10:18... எட்டெட்டு நிமிஷம். கால அட்டவணையைப் பார்த்து வீட்டுலயே எழுதிக் கொண்டுவந்த தாள் இது. குறி இல்லாத தாளை நீங்க நம்ப மாட்டீங்கன்னு இவனுக்குத் தெரியும். அந்த ஒரு மணி நேரம் இவன் தராசு முன்னாடி இல்ல மேடம். உங்க மேஜை முன்னாடி இருந்தான்."

"லாரி... ஏதாவது லாரி போயிருக்கும்" என்றான் லாசார்.

"எட்டு நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு சொல்லிவெச்ச மாதிரி வர்ற லாரியா தம்பி?" என்றார் மெத்தோடி.

லாசாரின் தோள் தொய்ந்தது. செல்போனை எடுத்து, தானே மேஜைமேல் வைத்தான். வினாத்தாளின் படம் அதில் இருந்தது.

"மூணாவது தடவை எழுதறேன் மேடம். இதுலயும் போனா என் பேரை அடிச்சுடுவீங்க."

"அதுக்கு என் பேரை ஏன்டா அடிக்கப் பார்த்தே?" நெவேனாவின் குரல் முதல் முறையாக நடுங்கியது.

"நீ தனியா இருட்டுல இருந்தே. உனக்குச் சாட்சி இல்ல."

"கயிறு?"

"மரத்துலேர்ந்து அவுத்தேன்."

போயானா பதறிப்போய் ஓர் அடி பின்வாங்கினாள். "மரத்துல கட்டினதையாடா அவுத்தே? வினாத்தாளைத் திருடினேன்னா சரி, திருட்டுப்பய. இது என்ன ஜென்மம்டா?"

ராடேவா வினாத்தாளை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். லாசாரைப் பார்த்து, "வெளிய இரு. டீன்கிட்ட சேர்ந்தே போகலாம்" என்றார். பிறகு நெவேனாவின் தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தார். மன்னிப்புக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை; பேனா மட்டும் கொஞ்ச நேரம் தாளின் மேல் தயங்கி நின்றது. மதிப்பெண்ணைப் போட்டுக் கையெழுத்திட்டார்.

ஆறுக்கு ஐந்தரை.

நெவேனா தாளைப் பார்த்தாள். இன்று காலைவரை அவள் வாதாடியிருக்க மாட்டாள்.

"மேடம், அரை எதுக்குக் குறைஞ்சுது?"

"ஒரு மணி நேரம் டிராம் வரல. பத்தரைக்கே உனக்கு உறைச்சிருக்கணும், ஓரத்துல எழுதியிருக்கணும். பதினொன்றரைக்கு எழுந்து ஓடினே."

"பாதி பெஞ்ச் காலியா இருந்தும் நீங்க எழுந்திருக்கவே இல்லையே மேடம்!"

மெத்தோடி இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். ராடேவா அவளை உற்றுப் பார்த்தார். தாளைத் திரும்ப வாங்கினார். ஐந்தரையை அடித்தார். ஆறு என்று எழுதினார்.

12:02. கோப்பையில் அலை எழுந்தது. இந்த முறை நான்கு பேரும் ஒரே நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.