டப்பாவில் சேற்று வாடை

ஸ்டேஷனில் போன் அலறியது.

"மேடம்... எங்க வூட்டுக்காரரை யாரோ கொல்லப் பாக்குறாங்க!"

எஸ்.ஐ. ஜாக்குலின் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

பழவேற்காடு ஏரிக்கரையில் இறால் குட்டை வைத்திருக்கும் சம்பந்தத்துக்குக் குடலில் புற்றுநோய். திங்கட்கிழமை சென்னையில் ஆபரேஷன். அதுவரை தினமும் குடிக்கச் சொல்லி டாக்டர் ஒரு டப்பா பவுடர் கொடுத்திருந்தார். நல்ல கிருமியாம்! வயிற்றுக்குள் போய்க் குடியேறிவிட்டால், வெட்டித் தைத்த இடத்தில் சீழ் பிடிக்கிற ஆபத்து குறையுமாம்.

இத்தனை நாளும் சம்பந்தமே கலந்து குடித்தார். இன்று காலை மனைவி குணசுந்தரி டப்பாவைத் திறந்தாள்.

உள்ளே வெள்ளைப் பவுடர் இல்லை. பழுப்பாக ஏதோ... சேற்று வாடையோடு!

ஜாக்குலின் மோந்து பார்த்தாள். ஏரிக்கரைக்காரிக்குத் தெரியாத வாடையா? இறால் குட்டையில் கொட்டுகிற மருந்து!

சம்பந்தத்தின் தம்பி தீனாவும் அதே வீட்டில்தான் இருக்கிறான். அண்ணன் போனால் குட்டை அவன் கைக்கு வரும். போதாதா?

சட்டையைப் பிடித்தாள். அண்ணன் பிழைத்தால் திருத்தணியில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருப்பதாகச் சொல்லி அழுதான் தீனா. போலீஸ் மொட்டையை நம்புமா? விலங்கை எடுத்தாள்.

"அவனை வுடுங்க மேடம்..."

கட்டிலிலிருந்து குரல். சம்பந்தம்!

"நான்தான் மாத்துனேன்."

"எதுக்கு?"

"எறாவுக்கும் குடல் நோவு மேடம். வெள்ளை வெள்ளையா கழிஞ்சி, கூட்டமா சாவுது. குட்டை மருந்துக்கு நோவு கேக்கல. டாக்டர் குடுத்தது மெட்ராஸ் மருந்தாச்சே... தீவனத்துல கலந்துட்டேன். காலி டப்பாவைப் பாத்தா இவ கத்துவானு குட்டை மருந்தை ரொப்பி வெச்சேன். அதுலயும் நல்ல கிருமிதான்னு கம்பெனிக்காரன் சொன்னான். நானும் அதையே குடிச்சிட்டு வரேன்."

குணசுந்தரிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"நீ இன்னா, அந்த எறாவுக்கா தாலி கட்டுன?"

ஜாக்குலின் டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். திங்கட்கிழமை கத்தி வைக்க முடியாதாம். எல்லா டெஸ்ட்டும் முதலிலிருந்து! அதுவரை கட்டி சும்மா இருக்குமா? அந்தப் பயத்தில் குணசுந்தரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். சம்பந்தம் முதல்முறையாகத் தலைகுனிந்தார்.

விலங்கைத் திரும்பச் செருகிக்கொண்ட ஜாக்குலின், குட்டை எப்படி இருக்கிறது என்று தீனாவிடம் கேட்டாள்.

தீனா கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எறா ஷோக்கா துள்ளுது மேடம். அதுங்களுக்கு வேணா திங்கக்கிழமையே ஆபரேஷன் பண்ணிடலாம்."