ரீலில் மிச்சமிருந்த படங்கள்

1955 மே 8, ஞாயிற்றுக்கிழமை. ராயபுரம் கல்மண்டபத்தை அடுத்த சந்தில், கஸ்பாரின் வீட்டுப் பின்னறையில், வெள்ளிக்கிழமை காலை இறக்கிவைத்த அரைப் பாளம் ஐஸ் ஞாயிறு பகல்வரை கரையவில்லை.

கஸ்பார் உமியை விலக்கிப் பார்த்தான். ரம்பத்தால் அறுத்த விளிம்புகள் அறுத்த அன்று இருந்ததுபோலவே கூராக இருந்தன. அடியில் விரித்த சாக்கு உலர்ந்திருந்தது, தரையில் ஈரச்சுவடு இல்லை. வெளியே தெருத் தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கும் வெயில். கடற்கரைப் பக்கமிருந்து கருவாட்டு வாடையும் லோகோ ஷெட்டிலிருந்து கரிப்புகையும் கலந்து வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தன. ஆனால் ஜன்னலுக்குத் தார்த்தாள் ஒட்டி, கதவிடுக்கில் கறுப்புத் துணி அடைத்த இந்த இருட்டறைக்குள் மருந்தின் நெடி மட்டும்தான். அதற்கும் அடியில், மூச்சை நிதானமாக இழுத்தால் தெரிகிற வாடிய சம்பங்கி வாசம்.

"இன்னா, அப்டியேவா கீது?" வாசலில் நின்று அவன் மனைவி ஃப்ளோரா எட்டிப் பார்த்தாள்.

"அப்டியே கீது."

"நல்லதாப் போச்சு. வேற ஐஸ் வாங்க வேணாம். இத்த வித்தவன் நஷ்டப்பட்டே செத்துருவான்."

அவள் சிரித்தாள். கஸ்பாரும் சிரித்தான். அந்த ஐஸ் எங்கிருந்து வந்தது என்பது இருவருக்கும் தெரியும். ரயில்வேயில் எஞ்சினுக்குக் கரி போடும் ஃபயர்மேனாக இருக்கும் அருள்பிரகாசத்தின் மனைவி டோரதி புதன்கிழமை காய்ச்சலில் இறந்துபோனாள். அவள் அப்பா தூத்துக்குடியிலிருந்து வந்து சேரும்வரை உடலை ஐஸில் வைத்திருந்தார்கள். அடக்கம் முடிந்ததும், உடைக்காமல் மிஞ்சிய அரைப் பாளத்தை அருள்பிரகாசமே கைவண்டியில் போட்டு அனுப்பினான். கலர் மருந்து சூடேறினால் கெட்டுவிடும், ஐஸ் வேண்டும் என்று கஸ்பார் எப்போதோ சொன்னதை அந்தத் துக்கத்திலும் அவன் நினைவில் வைத்திருந்தான்.

கஸ்பார் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் கிளார்க். வேலையில்லாத நாட்களில் கல்யாணமும் சாவும் படமெடுப்பான். சவப்பெட்டியை மூடுவதற்குமுன் மாதா கோயில் படியில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்வது அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் வழக்கம். கறுப்பு வெள்ளையில் அது சங்கடமில்லாத வேலை. சுற்றி நிற்பவர்களுக்கும் பெட்டியில் கிடப்பவருக்கும் ஒரே சாம்பல் நிறம்தான்.

கலர் ரீலை அவன் வாங்கியது சாவுக்கு அல்ல. கல்யாணத்துக்கு மறுநாள் எடுத்த படத்தில் ஃப்ளோராவின் சிவப்புச் சேலை கன்னங்கரேலென்று விழுந்திருந்தது. "எழவு வூட்டுக்கு வந்தவ மாதிரி கீறேன்" என்று ஆறு வருஷமாகச் சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தாள். மவுண்ட் ரோடு கடைகளில் அவன் தேடியது கிடைக்கவில்லை. மண்ணடியில், கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போகும் சாமான்களை வீட்டில் வைத்து வியாபாரம் செய்யும் சபீஹாவிடம் சொல்லிவைத்தான். பங்குனி வெயிலில் ஒருநாள் அவள் ஆளனுப்பினாள்.

"இந்தா நைனா, ரெண்டு தினுசு கீது. எது ஓணும்னு நீயே பாத்துக்கோ."

அவன் பெட்டிகளைத் திருப்பிப் பார்த்தான். ஒன்று, கழுவுவதற்குப் பம்பாய்க்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியது. அது வில்லையாகத்தான் திரும்பி வரும். விளக்கு வைத்துச் சுவரில் காட்டலாமே தவிர வீட்டில் காகிதத்தில் அச்செடுக்க முடியாது. மற்றது நெகட்டிவ் ரீல், ஜெர்மன் சரக்கு. பகல் வெளிச்சத்துக்கானது, எட்டுப் படம். காலாவதியாக இன்னும் காலம் இருந்தது. கூடவே கலர் தாள் ஒரு பெட்டியும் மருந்துப் பொட்டலங்களும். பெட்டியைக் காதருகே ஆட்டி, மூடியை முகர்ந்து, வெயிலில் கிடந்ததில்லை என்று உறுதி செய்துகொண்டான்.

"பொஞ்சாதிய கலர்ல பாக்கணும்னா வூட்டுக்குப் போயி பாரேன்பா" என்றாள் சபீஹா. "இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

ரீலை ஈர மணலில் புதைத்த பானையில் வைத்துக் காத்தான். கேமராவில் போட்டதற்கு மறுநாள் டோரதி இறந்தாள்.

"கறுப்பு வெள்ளை வேணாம் அண்ணாத்தே" என்று அருள்பிரகாசம் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "என் பொண்ணுக்கு ரெண்டு வயசு. அவ அம்மா இன்னா கலர்ல இருந்தாங்கறத நாளைக்கி அதுக்கு யாரு சொல்லுவா?"

கஸ்பாரால் மறுக்க முடியவில்லை. கோயில் படியில் மூன்று படம் எடுத்தான்.

சாவு எடுத்த ரீலில் உயிரோடிருப்பவரைத் தனியாக எடுப்பதில்லை. மிச்சத்தைக் கடலுக்கோ விளக்குக் கம்பத்துக்கோ காட்டித் தீர்த்துவிட்டுத்தான் கழற்றுவார்கள். அந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், ஏன் என்று யாரும் சொன்னதில்லை. கஸ்பாரும் அதுவரை மீறியதில்லை. ஆனால் இன்னொரு கலர் ரீல் எப்போது கிடைக்கும் என்பது யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை காலை ஃப்ளோராவைச் சிவப்புச் சேலை கட்டவைத்து, மொட்டை மாடியில் சுண்ணாம்புச் சுவரருகே நிறுத்தி, மிச்சமிருந்த ஐந்தையும் எடுத்தான்.

அன்று சாயங்காலமே கழுவிக் காயவைத்த நெகட்டிவை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான். கலர் நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் என்பது அவனுக்குத் தெரியும். சிவப்புச் சேலை பச்சையாக, வானம் மஞ்சளாக, ஃப்ளோராவின் முகம் நீலம் பாரித்துத் தெரிந்தது. அது சரிதான். பெட்டியில் கிடந்த டோரதியின் முகம் மட்டும் உயிருள்ள தோலின் நிறத்தில் இருந்தது. அதுவும் சரிதான் என்று சொல்லிக்கொண்டான். நீலம் பாரித்த முகம் தலைகீழாக வேறெப்படித் தெரியும்? சுருளின் ஒரு முனையில் உயிர் நிறத்தில் பிணம், மறுமுனையில் பிண நிறத்தில் மனைவி.

ஞாயிறு பகல் கதவைத் தாழிட்டான். கறுப்பு வெள்ளைத் தாளுக்குச் சிவப்பு விளக்காவது துணை இருக்கும். கலர் தாளுக்கு எந்த விளக்கும் ஆகாது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றாக இருக்கும் இருட்டில், தட்டுகளை விரலால் தடவிக் கண்டுபிடித்து, மருந்தை மெல்ல ஆட்டி ஆட்டி, மனசுக்குள் எண்ணிக்கொண்டு நின்றான். முதுகுப் பக்கம் ஐஸிலிருந்து குளிர் எழுந்து பிடரியில் படிந்தது.

டோரதியின் முதல் அச்சு நீலமாக வந்தது. நீலம் கூடினால் படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரிலிருந்து மஞ்சள் ஃபில்டரை எடுக்க வேண்டும். ஒன்றை எடுத்தான். இன்னொன்றை எடுத்தான். வெள்ளைத் துணி மஞ்சளானது, பெட்டிக்குள் வைத்த சம்பங்கிகள் வெண்ணெய் நிறமாயின. அதைப் பற்றி அவன் கவலைப்படவில்லை. கன்னத்தில் ரத்தம் ஓடுவதுபோல் ஒரு சூடு ஏறும்வரை எடுத்துக்கொண்டே போனான். நாலாவது தாளில் டோரதி தூங்கிக்கொண்டிருந்தாள். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் விழிப்பாள் போலிருந்தது.

பிறகு ஃபில்டர்களைத் திரும்பப் பொருத்தி ஃப்ளோராவை அச்சிட்டான். சுவர் வெள்ளையாக வந்தது. சேலை சிவப்பாக, அவள் ஆறு வருஷம் கேட்ட அதே சிவப்பாக வந்தது. முகம் நீலமாக இருந்தது. மஞ்சளை எடுத்தான். சுவர் மஞ்சளானது, சேலை செங்கல் நிறமானது. முகம் அப்படியே இருந்தது. இருந்த ஃபில்டர் அத்தனையும் எடுத்தான். வானம்கூட மஞ்சளாகிவிட்டது. ஒரே தாளில், ஒரே வெளிச்சத்தில், அந்த முகமும் இரண்டு கைகளும் மட்டும் நீலம் மாறாமல் நின்றன.

அப்படி நடக்க முடியாது.

அறையைவிட்டு வெளியே வந்தபோது, அந்த வெயிலில், ஃப்ளோரா கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாமோ குளிர்து. படம் வந்துச்சா?"

"இன்னும் வர்ல." அவன் அவள் விரல்களைப் பார்த்தான். நகக்கண்கள் நாவல்பழச் சாறு படிந்தவைபோல் இருந்தன.

திங்கட்கிழமை டாக்டர் வந்து ரத்தம் குறைவு என்று டானிக் எழுதிக்கொடுத்தார். துறைமுகத்துக்குப் போகும் வழியில் கஸ்பார் டோரதியின் படத்தை அருள்பிரகாசத்திடம் கொடுத்தான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அருள்பிரகாசம் துறைமுகக் கேட்டருகே காத்துக்கொண்டிருந்தான். ஆறு நாள் அழுத கண்ணில் முதல்முறையாக ஒரு தெளிவு.

"தப்பா நெனச்சிக்காத அண்ணாத்தே. அந்தப் படம் வெதுவெதுனு கீது."

"வெயில்ல வெச்சிருப்ப."

"பகல்ல டிரங்குப் பெட்டியில வெச்சிகீறேன். தொட்டா நெத்தியத் தொட்டாப்ல கீது. பாப்பா அத்த கட்டிகினுதான் தூங்குது."

கஸ்பார் வீட்டுக்கு ஓடினான். ஃப்ளோரா படுத்திருந்தாள். அவள் உள்ளங்கை ஐஸைத் தொட்டதுபோல் இருந்தது. அவன் டோரதியின் மூன்று நெகட்டிவையும் சுருளிலிருந்து வெட்டி அடுப்பில் போட்டான். அவை சுருண்டு கருகின. அவள் கை சூடேறவில்லை.

புதன்கிழமை வேலைக்குப் போகவில்லை. காலையில் அருள்பிரகாசத்தின் வீட்டு வாசலில் நின்றான்.

"அந்தப் படத்தக் குடு. வேற போட்டுத் தரேன்."

"இதே நல்லா கீதே."

"குடு அருளு. ஃப்ளோராக்கு..." கஸ்பார் கைகூப்பினான். "உன் கால்ல வுழறேன்."

அருள்பிரகாசம் நகர்ந்து வழிவிட்டான். உள்ளே பாயில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. படத்தின்மேல் கன்னத்தை வைத்திருந்தது. அந்தக் கன்னம் சிவந்திருந்தது. கஸ்பார் குனிந்து தாளின் ஓரத்தை விரலால் தொட்டான். வெதுவெதுப்பு. அதற்குள் மிக மெதுவாக ஏதோ ஏறி இறங்கியது. இழுத்தால் வந்துவிடும். குழந்தை தூக்கத்தில், "ம்மா" என்றது.

வெறுங்கையோடு திரும்பினான்.

பெட்டியில் கடைசித் தாள் ஒன்று இருந்தது. டோரதிக்கு நேர்ந்தது ஃப்ளோராவுக்கும் நேரலாம் இல்லையா? ஒரே ஒரு படம் சரியான நிறத்தில் வந்துவிட்டால். அதைத் தவிர அவனுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

பகல் சாய்ந்த நேரம். ஃப்ளோரா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். "நானும் உள்ள வரேன். தனியாப் படுக்க மனசு ஒப்பல."

"இருட்டா இருக்குமே."

"நீ கீறல்ல? வெளக்க அணைச்சி வெய்யி. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வரேன்."

அவன் உள்ளே போய் விளக்கை அணைத்தான். தட்டுகளைத் தடவி வரிசைப்படுத்தினான். பின்னால் கதவு சாத்தும் சத்தம். சேலை சரசரப்பு. தாழ்ப்பாள் விழுந்தது.

"பாத்து. அந்தப் பக்கம் ஐஸு. இப்டி வா."

அவள் பேசவில்லை. பேசக்கூடத் தெம்பில்லை என்று நினைத்துக்கொண்டான். தாளை எடுத்துப் பொருத்தி, வெளிச்சம் காட்டி, மருந்தில் முக்கினான். வலது கையால் தட்டை ஆட்டினான். இடது கையை இருட்டில் நீட்டினான். ஒரு கை வந்து அதற்குள் அடங்கியது. சில்லென்றிருந்தது. பிடித்துக்கொண்டான்.

மருந்து தட்டின் விளிம்பில் மெல்ல மோதியது. எங்கோ லோகோ ஷெட்டில் எஞ்சின் பெருமூச்சு விட்டது. அவன் எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணிக்கையின் பாதியில் அதை உணர்ந்தான். கையின் குளிர் குறைந்திருந்தது. முதலில் விரல் நுனிகள். பிறகு உள்ளங்கை. பிறகு மணிக்கட்டு.

"ஃப்ளோரா. சூடாவுது."

கை அவன் கையை அழுத்தியது. ஐந்து நாளாக இல்லாத சத்தம் ஒன்று அறைக்குள் கேட்டது. சொட்டு. ஐஸிலிருந்து நீர் சொட்டும் சத்தம்.

சம்பங்கி வாசம்.

தெருவில் யாரோ ஓடினார்கள். வாசல் கதவு இடிபட்டது. எதிர்வீட்டுச் செல்லம்மாவின் குரல்.

"கஸ்பாரு! யோவ் கஸ்பாரு! உன் பொஞ்சாதி கொழாயாண்ட வீந்து கெடக்கறாய்யா! மூச்சு இல்ல!"

அவன் தட்டை ஆட்டுவதை நிறுத்தினான்.

கையை இழுத்தான். வரவில்லை.

"யாரு?"

சூடான கை. ஈரம். பக்கத்தில் மூச்சு.

"யாரு நீ?"

அவன் காதருகே, தூக்கத்திலிருந்து எழுந்த பெண்ணின் குரலில், ஒரு பெருமூச்சு.

கதவை உடைத்தவர்கள் அருள்பிரகாசமும் எதிர்வீட்டு எத்திராஜும். உள்தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. கஸ்பார் தரையில் உட்கார்ந்து இடது கையை நீட்டி விரல்களை மூடிக்கொண்டிருந்தான். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. கைக்குள் எதுவும் இல்லை. தட்டில் கிடந்த தாள் வெளிச்சம் பட்டு முழுவதும் கறுத்துவிட்டது. ஐஸின் மேற்பரப்பில் ஓர் ஆள் உட்கார்ந்து எழுந்த அளவுக்குப் பள்ளம் கரைந்திருந்தது. அதன் ஓரத்தில் ஐந்து விரல்கள் பதிந்திருந்தன.

ஃப்ளோராவின் அண்ணன் கோலார் சுரங்கத்திலிருந்து வந்து சேர வெள்ளிக்கிழமை ஆயிற்று. அதுவரை உடலை அந்த ஐஸில் வைத்திருந்தார்கள். மேற்கொண்டு அது கரையவில்லை. வேறு ஐஸ் வாங்க வேண்டியிருக்கவில்லை.