மூக்குக்குக் கீழே இரண்டு வட்டம்

ஆவணி மழையில் அந்தக் குகைக்கோயிலுக்குள் துவைத்துப் போட்ட சட்டை மூன்று நாளானாலும் காயாது. ஆனால் வலப்பக்கத் துவாரபாலரின் முகத்தில் காலையில் அப்பிய காகிதக்கூழ், மூக்குக்கு நேர் கீழே மட்டும், கொண்டைக்கடலை அளவில் இரண்டு வட்டமாக மதியத்துக்குள் காய்ந்து வெளுத்திருந்தது.

தாமோதர் அதை வெகுநேரம் பார்த்தான். கல்லில் ஏறிய உப்பை ஈரக்கூழால் உறிஞ்சி எடுப்பது அவன் வேலை. பாதத்தில் தொடங்க வேண்டும், முகம் கடைசி. அதுதான் முறை. ஆனால் மேலதிகாரிக்கு அனுப்பும் படத்தில் பாதம் எடுபடுவதில்லை. அதனால் வாசல் காவலர் இருவர், சுவரில் பறக்கும் பூதகணங்கள் ஒன்பது பேர் என்று பதினோரு முகத்துக்கும் முதலிலேயே அப்பிவிட்டான். வேலை நிரந்தரமாவதென்றால் அவன் இன்னும் நூறு பேருக்கு அப்பத் தயார்.

கருவறைக்குள் அவன் மனைவி வைஜயந்தா வௌவால் எச்சம் சுரண்டிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி நாற்பது நாள். மலைக்குக் கீழே சிவன் கோயில் பூசைக்காரர் மகள்.

"எங்க பாபா வெள்ளையடிக்கிறப்போகூட துவாரபாலர் மூஞ்சில துணி போடமாட்டாரு," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"ஏனாம்?"

"மூச்சு முட்டுமாம்."

"கல்லுக்கா?"

"உங்களுக்கே முட்டுதே, தூங்குறப்போ. தெருவே கேக்குது."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்த இரண்டு வட்டமும் உள்ளே குழிந்தன. பிறகு மெல்ல வெளியே உப்பின.

குகையின் நெற்றியிலிருந்து மழைநீர் தாரையாக வழியும் சத்தம், வௌவால் எச்சத்தின் புளித்த வாடை, நனைந்த பள்ளிக்கூட நோட்டுப்போலக் கூழிலிருந்து வந்த மணம், இவை எல்லாவற்றுக்கும் அடியில், பக்கத்து அறையில் யாரோ அயர்ந்து தூங்குவதுபோல் இன்னொரு சத்தம் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இடப்பக்கக் காவலரின் கூழும் குழிந்தது. மேலே பூதகணங்கள். ஒன்பதும். ஒரே இழுப்பில்.

"ஏங்க, உள்ள காத்தே இல்லங்க."

"வெளிய வா."

"வாசலத் தேடிட்டுதான் இருக்கேன். சுத்திச் சுத்திச் சுவருதான் இருக்கு."

கருவறை வாசல் அவன் முன்னால் திறந்தேதான் கிடந்தது. நாலடி தூரத்தில் அவளுடைய டார்ச் வெளிச்சம் சுவர் சுவராகத் தடவிக்கொண்டு போவதுகூடத் தெரிந்தது.

"இங்க பாரு, வைஜு. நேரா என்னப் பாத்து வா."

"விளையாடாதீங்க. எங்க நிக்கிறீங்க?"

அவள் இருமினாள். அவன் படியில் கால் வைத்தான். நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் அடைத்தது. பின்னால் சாய்ந்து விழுந்தான். பதினோரு முகமும் இழுத்தன. உள்ளே இருமல். மறுபடி இழுத்தன. இருமல் மெலிந்தது.

அவளுக்கான காற்று எங்கே போகிறதென்று அவனுக்குப் புரிந்தது.

கூழைக் கிழிக்க வேண்டும். காயாத கூழைக் கிழித்தால் கல்லின் தோலும் கூடவே வந்துவிடும். முதல் நாள் பாடமே அதுதான். வரட்டும். வேலை போகட்டும். முகங்களுக்கு எட்டக் கட்டியிருந்த சாரத்தில் ஏறினான். வலப்பக்கக் காவலரின் தாடைக்குக் கீழே விரலை விட்டான்.

இழுத்தான்.

பாலாடைபோல் வந்தது.

அடியில் கல். வெறும் கல். கண் இல்லை. மூக்கு இல்லை.

மூச்சுச் சத்தம் நின்றது. இருமலும்.

"வைஜு?"

காலடி கேட்டது. வந்துவிட்டாள். வாசலைத் தாண்டி வந்தேவிட்டாள். ஒரு கையில் டார்ச். மறு கை காற்றைத் துழாவியது. அவள் முகத்தில் நெற்றியிலிருந்து மோவாய்வரை ஆற்றுக் கூழாங்கல்லின் வழவழப்பு.

அவன் உள்ளங்கையில் ஏதோ அசைந்தது.

ஈரக்கூழில் பதிந்திருந்த உதடுகள் பிரிந்தன.

"ஏங்க," என்றன.

இறுகப் பிடித்தான். பிடிக்கப் பிடிக்க அது விரலிடுக்கில் பிதுங்கி, துண்டு துண்டாகத் தரையில் விழுந்தது.