சிறுமனை ஒட்டிய நாள்

பெட்டி வந்து பதினொரு நாளாகியும் அதைப் பிரிக்க விடாமல் வைத்திருந்தவர் அம்பலவாணன். நாள் சரியில்லை, கிழமை சரியில்லை என்று தள்ளிக்கொண்டே போனார். கெடு முடிகிற புதன்கிழமை காலையில்தான் அவர் கண்ணுக்கு ஒரு நல்ல நேரம் அகப்பட்டது. மகள் நாச்சியார் அப்போது பள்ளிக்குப் போயிருந்தாள். மூன்றாம் வகுப்பு. பள்ளி பன்னிரண்டாம் தளத்தில், இவர்கள் குடியிருப்பது ஐம்பத்தெட்டில்.

"பாப்பா வந்தப்புறம் ஒட்டலாங்க. ஒரு வாரமா இதுக்குத்தான் குதிச்சிட்டிருக்கா" என்றாள் அவர் மனைவி இளவெயினி.

"பத்தே முக்கால்ல இருந்து பதினொன்னே முக்கால் வரைக்கும்தான் நேரம். அப்புறம் ராகு காலம் வந்துடும். பாப்பாவுக்காக ராகு காத்திருக்குமா?"

பெட்டிக்குள் இருநூற்று ஆறு துண்டுகள். சுண்டுவிரல் உயரத்தில் கதவுகள், சீட்டுக்கட்டு அகலத்தில் சுவர்கள், அடியில் வைக்க ஒரு சதுரப் பலகை, ஒரு குப்பி பசை. வீட்டு வாரியம் இதற்குச் சிறுமனை என்று பெயர் வைத்திருக்கிறது. ஜனங்களுக்கு இது பொம்மை வீடுதான். ஆறு ஆண்டுக்கு ஒருமுறை வரும். பலகையில் எதை எங்கே ஒட்டுகிறோம் என்பதை மேசைக்கு மேலிருக்கும் வடிவக்கண் பார்த்துக்கொள்ளும். கடைசித் துண்டு ஒட்டியதும், நாம் உட்கார்ந்திருக்கும் வீட்டின் வளர்சுவர்கள் நகர்ந்து அதே மாதிரி ஆகிவிடும்.

இளவெயினிக்கு ஒரே ஒரு ஆசை. நாச்சிக்கு ஒரு தனி அறை. இந்தப் புறாக்கூட்டில் மூன்று பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டு ஆறு ஆண்டு கிடந்தாயிற்று. போதும் போதும் என்றிருந்தது அவளுக்கு.

ஆனால் பொம்மை வீடானாலும் முதலில் நிலை வைக்க வேண்டாமா? அம்பலவாணன் சந்தனம் குழைத்துப் பலகையின் நான்கு மூலையிலும் தாராளமாகப் பொட்டு வைத்தார். சாமி படத்தைப் பார்த்தபடி இருக்கட்டும் என்று பலகையைத் திருப்பினார். குட்டி வாசல்நிலைக்கு மஞ்சள் பூசி, மாவிலைக்குப் பதில் கறிவேப்பிலை செருகி, விழுந்து கும்பிட்டு, வெளியே நடைக்கூடம் இருக்கும் பக்கமாகப் பார்த்து ஒட்டினார். கற்பூரம் ஏற்றினால் தளம் முழுக்க அபாயமணி அடிக்கும். ஆகவே செல்போன் விளக்கைத்தான் சுற்றிக் காட்டினார். இளவெயினிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

பிறகு அந்த நிலையை அடையாளமாக வைத்தே மற்றதையெல்லாம் ஒட்டினார்கள். நாச்சியின் அறையை இளவெயினியே ஒட்டினாள். உள்ளங்கை அளவு அறை. அதற்கொரு ஜன்னல்.

கடைசித் துண்டு ஒட்டியதும் வடிவக்கண் நீலமாகச் சிமிட்டியது. சுவர்கள் நகர்ந்தன. நடைக்கூடத்துப் பக்கம் இருந்த கதவு இரண்டு ஓரமும் நெருங்கி, ஒரு கோடாகி, அந்தக் கோடும் மறைந்தது. எதிர்ப் பக்கம் கிழக்குச் சுவரில் அழகான புதுக் கதவு ஒன்று முளைத்தது. இளவெயினி ஓடிப்போய் அதைத் திறந்தாள். அனல் முகத்தில் அறைந்தது. காலடியில் ஐம்பத்தெட்டு தளமும் புழுதியும்தான் தெரிந்தன.

அவள் கதவைச் சாத்திவிட்டு மேசைக்கு வந்து, பலகையின் மூலைச் சந்தனத்தை ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்டினாள். மூன்றாவது பொட்டுக்கு அடியில் இருந்தது, நடைக்கூடம் எந்தப் பக்கம் என்று காட்டும் அம்புக்குறி.

"திருப்பி வச்சீங்களே, பழையபடி வச்சீங்களா?"

அம்பலவாணன் சாமி படத்தைப் பார்த்தார்.

வாரியத்துக்குப் பேசினாள். அலுவலர் பொறுமையாகத்தான் பேசினார்.

"வாசல் எங்கன்னு நாங்க கேக்கறதில்லம்மா. காத்துக்காக வெளிப்பக்கம் கதவு வைக்கிறவங்க இருக்காங்க. உங்க கோபுரத்துல நூத்துக்கு நாப்பது வீட்டுல நடைக்கூடத்துக்கு வாசலே கிடையாது. வேலை திரையில, சாப்பாடு குழாயில. எதுக்கு வாசல்னு ஒட்டாம விட்டுடறாங்க."

"என் பொண்ணு வெளிய இருக்காங்க. எட்டு வயசு. ஒரே ஒரு சுவர், அதை மட்டும் திறந்து விடுங்க."

"ஒரு சுவர்னு தனியா கிடையாதும்மா. ஒவ்வொரு வீடும் பக்கத்து வீட்டு மேல சாஞ்சு நிக்குது. ஒண்ணு நகர்ந்தா அத்தனையும் நகரணும். முன்ன அவங்கவங்க இஷ்டத்துக்கு மாத்தித்தான் வடக்குக் கோபுரம் விழுந்துச்சு. உங்க வீடு நகர்ந்ததோட எல்லாம் பூட்டியாச்சு. அடுத்த முறை ஆறு வருஷம் கழிச்சு."

அவள் குழவிக்கல்லைத் தூக்கிக்கொண்டு சுவரிடம் போனாள். அம்பலவாணன் குறுக்கே விழுந்து தடுக்கவில்லை. தலையில் கைவைத்தபடி, "மேல இருபது தளம் இருக்கு வெயினி" என்று மட்டும் சொன்னார். இருபது தளத்திலும் பிள்ளைகள் இருந்தார்கள். கல்லைக் கீழே வைத்தாள். அவர்மேல் வந்த ஆத்திரத்துக்கு அவரையே பிய்த்துப் போட்டிருக்கலாம். அவர் அழுதுகொண்டிருந்ததால் அதையும் செய்ய முடியவில்லை.

நாலு மணிக்கு நடைக்கூடத்தில் காலடி கேட்டது. வந்தது, தாண்டிப் போனது, திரும்பி வந்தது. சுவர் நாலு விரல் கனம்தான். பேச்சு தெளிவாகக் கேட்டது.

"பர்வீன் அத்தை, எங்க வீட்டைக் காணோம்."

எதிர்வீட்டுப் பர்வீன் வெளியே வருவது கேட்டது. இளவெயினி சுவரில் வாயை வைத்து நடந்ததைச் சொன்னாள்.

"புள்ளைய நான் பாத்துக்கறேன்க்கா" என்றாள் பர்வீன். "என் புள்ளைங்களோட சாப்பிடட்டும், படுக்கட்டும். நீங்க மனச விட்றாதீங்க."

நாச்சி உடனே அழவில்லை. சுவரை ஒட்டிக் கீழே உட்கார்ந்தாள் போலிருக்கிறது. குரல் தாழ்விலிருந்து வந்தது. இளவெயினியும் அந்த இடத்திலேயே உட்கார்ந்து முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

"அம்மா, என் ரூம் வந்துடுச்சா?"

"வந்துடுச்சுடா."

"ஜன்னல்?"

"இருக்கு."

"ஆறு வருஷம் கழிச்சு நான் எத்தனாவது படிப்பேன்?"

இளவெயினி விரல் விட்டு எண்ணினாள். "ஒன்பதாவது."

"அப்ப உன்னை விட உயரமா இருப்பேனா?"

"இருப்படா."

"அப்ப நீ சுவரைத் திறந்ததும், நான்தான் நாச்சின்னு முதல்லயே சொல்லிடறேன்" என்றாள் குழந்தை. "இல்லேன்னா உனக்குத் தெரியாது."