பெரட்டுக்கு வந்த இரும்புக் கொம்பு

யேசுதாசன் வாயை மூடிய பிறகும் அந்த இரும்புக் கொம்பு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

1929 அடைமழைக் காலத்தின் ஒரு மாலை. மலாயாவில், பத்து காஜா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தின் ஆபீஸ் அறையில் வால்வுகள் சிவந்து சூடேற, கருகும் தூசியின் நாற்றமும் மழையோடு வந்த ரப்பர் பாலின் புளித்த வாடையும் சேர்ந்து, கணக்கெழுதும் கிராணி யேசுதாசனின் நெஞ்சை அடைத்தன. விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நானூறு பேரையும் ஆபீஸில் உட்கார்ந்தபடியே பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது வெள்ளைக்காரத் தொரையின் புது ஆசை. குரலைப் பெரிதாக்கும் வால்வுப் பெட்டி ஈப்போவிலிருந்து வந்துவிட்டது. அதற்குத் தோதான ஒலிபெருக்கியைப் பொழுது சாய்வதற்குள் தேர்ந்தெடுத்துவிட வேண்டும்.

மூன்று வந்திருந்தன. காகிதக் கூம்பு வைத்த மரப்பெட்டியில் குரல் குழைவாக வந்தது. வராந்தாவைத் தாண்டுவதற்குள் மழை அதைத் தின்றுவிட்டது. சின்னத் தகரக் கொம்பு வால்வின் வேகம் தாங்காமல் இரைந்தது. மூடிப்போன ஈயச் சுரங்கம் ஒன்றிலிருந்து வந்த இந்தப் பெரிய கொம்பை மாட்டியதும்தான் குரல் கடைசி மரம்வரை தெளிவாகப் போனது.

பின்கட்டு வீட்டில் மனைவி எல்ஸிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டுவண்டி மத்தியானமே வந்து நின்றது. "கொம்பு வேலை முடியட்டும், போலாம்" என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தான் மகராசன் யேசுதாசன். காய்ச்சல் என்றாலே அவனுக்கு இளக்காரம். பெரட்டுக்கு வராதவர்களின் பேரை வெட்டிவிடுவான், கூலி கிடையாது. அதற்குப் பயந்து நடுக்கத்தோடு மரம் சீவப் போன மூன்று பேர் போன மாதம் மரத்தடியிலேயே செத்து விழுந்தார்கள்.

வெளியே பெரட்டுக் களத்தில் நின்று காது கொடுத்துக்கொண்டிருந்த கங்காணி ராமையா கத்தினான்.

"கிராணியாரே, இதுதான் நல்லா இருக்குலா! ஆனா நீங்க சும்மா இருக்கப்பவும் பேசுதே!"

"என்னய்யா பேசுது?"

"பேரு கூப்பிடுது."

யேசுதாசன் மைக்கின் ஒயரைப் பிடுங்கினான்.

"செல்லாயி" என்றது கொம்பு. அவனுடைய குரல்.

மழைக்குள்ளிருந்து பதில் வந்தது. "வந்தேங்கய்யா."

செத்த மூவரில் ஒருத்தி செல்லாயி. ராமையா அலறிக்கொண்டு கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் ஓடினான்.

"ஐயாவு."

"வந்தேங்கய்யா."

பேட்டரியைக் கழற்றினான். வால்வுகள் அணைந்தன. கொம்பு அணையவில்லை.

"சின்னையா."

"வந்தேங்கய்யா."

அவ்வளவுதான். செத்தவர்கள் மூன்றே பேர். இனி யாரும் இல்லை. அவன் கர்த்தரைக் கூப்பிட்டான்.

"எல்ஸி" என்றது கொம்பு.

"வேணாம்!" என்று கத்தியபடி பின்கட்டுக்கு ஓடினான். சேறு. படி. கதவு.

எல்ஸி கட்டிலில்தான் கிடந்தாள். அப்பாடா என்று அவள் கையைப் பிடித்தான்.

ஜில்லென்று இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே, களத்தில், மூன்று பேர் பால் வாளியோடு தலைகுனிந்து வரிசையில் நின்றார்கள். நாலாவதாக எல்ஸி. வெறுங்கால். நனைந்த தலைமுடி. கையில் வாளி.

"வந்தேங்கய்யா" என்றாள்.