வடக்கு தெற்காக நாற்பத்தைந்து

கேபிள் அலுவலகத்துக்குள் வந்த ஹார்லன் பெக் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. "என்னைத் திருடன்னு கடுதாசி போட்டிருக்கீங்க. திங்கட்கிழமை கேஸ் போட்டீங்கன்னா பள்ளிக்கூடத்துல வேலை போயிரும். ஜெயிலுக்கும் போகணுமாம்."

அலுவலக மேசையில் இருந்த டோரீனுக்கு இரக்கமே வரவில்லை. புகார் வந்த தொலைபேசியை எடுத்தவளே அவள்தான். பெக் கம்பியில் கைவைத்து ஓசியில் சினிமா சேனல் பார்க்கிறார் என்று பெயர் சொல்லாத ஒரு பெண் சொன்னாள். திருட்டுத்தனமாக ஒட்டிய கம்பியில் அலை கசியும்; மறுநாளே அளக்கப் போன ஊழியன் கசிவைப் பிடித்துவிட்டான். கேபிளிலிருந்து அலை கசிந்தால் விமானிகளின் பேச்சில் இரைச்சல் கலக்கும். கசிவு இருபது மைக்ரோவோல்ட்டைத் தாண்டக் கூடாது. பெக் வீட்டருகே நாற்பத்தைந்து.

"கையும் களவுமா மாட்டிட்டு வாய் பேசுறாரு," என்று முணுமுணுத்தாள்.

கேபிள் நிறுவன ஆய்வாளர் ஆர்வின் ஸ்டோல் அளவுக் குறிப்பேட்டை நிதானமாகப் படித்தார். "வாங்க, போய்ப் பார்ப்போம்."

பெக் வீட்டருகே பனியில் நின்று, கசிவுமானியின் ஆன்டெனாவின் இரண்டு கைகளையும் நீட்டி, மெதுவாகச் சுற்றினார். அவை வடக்கு தெற்காக நின்றபோது முள் நாற்பத்தைந்தைத் தொட்டது. கிழக்கு மேற்காகத் திருப்பியதும் விழுந்தது.

"டோரீன், கசியிற கம்பி எந்தப் பக்கமா ஓடுதோ, அந்தப் பக்கமா பிடிச்சாத்தான் முள் ஏறும். பெக் வீட்டுக் கம்பி எப்படி ஓடுது?"

"கிழக்கு மேற்கா." அவள் அண்ணாந்து பார்த்தாள். "வடக்கு தெற்கா ஓடுறது பக்கத்து வீட்டுக் கம்பி. ஆனா அது செத்த கம்பி. போன வருஷமே துண்டிச்சாச்சு. சந்தாப் பட்டியல்லயே அந்த வீடு இல்ல."

"அளந்தவனும் பட்டியலைத்தான் பார்த்தான், மேல பார்க்கல."

கம்பத்தில் ஏறி, பெக்கின் கம்பியைக் கழற்றினார். கீழே டோரீன் வடக்கு தெற்காகப் பிடித்திருந்த மானியின் முள் நாற்பத்தைந்தை விட்டு இறங்கவில்லை. பக்கத்து வீட்டுக் கம்பியோ முறுக்கி ஒட்டப்பட்டு உயிரோடு இருந்தது.

"அங்க யார் இருக்காங்க?"

"என் மக ஜனெல்," என்றார் பெக். அவர் முகம் வெளுத்துவிட்டது.

கதவைத் திறந்த ஜனெலிடம் ஆர்வின் குரலை உயர்த்தாமல் பேசினார். "புகாருக்கு முன்னாடி ரெண்டு வாரமா கசிவு தேடி எங்க வண்டி இந்தத் தெருவுல சுத்துச்சு. பயந்தவங்கதான் அடுத்த வீட்டைக் கைகாட்டுவாங்க. போன் பண்ணது நீங்கதானே?"

"யாராவது ஒருத்தர் மாட்டித்தானே ஆகணும்?" என்றாள் ஜனெல். தொலைபேசியில் கேட்ட அதே குரல். டோரீனுக்குப் பெக்கை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. "அப்பா, உங்களுக்கு வயசாச்சு. வேலை போனா என்ன? எனக்கு ரெண்டு புள்ளைங்க."

பெக் ஆர்வினிடம் திரும்பினார். "வெட்டுங்க."

வெட்டினார். உள்ளே கார்ட்டூன் சத்தம் நின்று, ஒரு குழந்தை சிணுங்கியது.

"வீடு என் பேர்ல இருக்கு," என்றார் பெக். "சனிக்கிழமைக்குள்ள காலி பண்ணு."

"இந்தக் குளிர்லயா? புள்ளைங்களை நினைச்சுப் பாருங்கப்பா."

"என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தப்பவும் நான் அதுங்களுக்குத் தாத்தாதான்," என்று சொல்லிவிட்டு, பனியில் கால் புதையப் புதையத் தன் வீட்டுக்கு நடந்தார்.