மயிலை பிழைத்த வீடு

பண்ணைவீட்டின் பின்கதவு தமயந்திக்குத் திறந்தது. அவள் கையைப் பிடித்திருந்த மகள் யாழிக்குத் திறக்கவில்லை. தாயின் கை வாசலைத் தாண்டியது. மகளின் விரல்கள் சுவரில் இடித்தன.

"வலிக்குதும்மா! இங்க ஏது கதவு?"

காங்கேயம் பக்கத்து அந்த வீட்டை வைத்துத்தான், தமிழ்க் குழந்தைகள் படித்து வளர்ந்த கன்றுக்குட்டி நாவல் எழுதப்பட்டது. இன்று முதல் அங்கே நினைவுநெய்வி ஓடுகிறது. வருகிறவர் மனத்தில் கதை எப்படி இருக்கிறதோ, அப்படியே அவரைச் சுற்றி வீட்டை நெய்து காட்டும் இயந்திரம். கதை முடிந்தால் வெளியே வரலாம். நடுவில் அணைத்தால் மனம் கதையிலேயே தங்கிவிடும்.

நாவலில் மயிலைக் கன்று பஞ்சத்தில் செத்துப்போகும். அதை வளர்த்த சிறுமி அழுதுகொண்டே பின்கதவைத் திறந்து ஊரைவிட்டுப் போவாள். அதைப் பிள்ளைக்குப் படித்துக் காட்ட எந்த மகராசிக்கு மனம் வரும்? ஊரில் எல்லாத் தாய்மாரும் செய்ததையே தமயந்தியும் செய்தாள். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் புத்தகத்தை மூடிவிட்டு, "மயிலை பொழச்சுக்கிச்சு. ரெண்டு பேரும் எங்கயும் போகாம அந்த வூட்டுலயே இருந்தாங்க" என்று ஒரு முடிவைக் கட்டிவிட்டாள்.

ஒலிபெருக்கியில் இயந்திரம் இயக்கும் செங்கோடனின் குரல் பதறியது. "ஏனுங்க அக்கா, பாப்பாகிட்ட நெசத்தச் சொல்லீருங்க. அது நம்புனாத்தான் கதவு வரும். பக்கத்து ரூம்லயெல்லாம் இதே கூத்துதானுங்க!"

தமயந்தி மண்டியிட்டாள்.

"கண்ணு, மயிலை செத்துப்போச்சு. நீ அழுவீன்னு அம்மா மாத்திச் சொல்லீட்டேன்."

யாழியின் உள்ளங்கையை மயிலை நக்கிக்கொண்டிருந்தது.

"உசுரோட நிக்குதே! நெசமான்னு அன்னைக்கே கேட்டேன். என் தலையில கை வெச்சு சத்தியம் பண்ணுனீல்ல?"

"அது... பொய்ச் சத்தியம் சாமி."

யாழி சிரித்துவிட்டாள். "பொய்ச் சத்தியம்னா எனக்கு ஏதாச்சும் ஆயிருக்கோணும்ல? எனக்குத்தான் ஒண்ணும் ஆகலையே!"

'ஆயிருச்சு கண்ணு' என்று சொல்லத் தாயின் வாய் துணியவில்லை. தமயந்தி தனக்குத் திறந்திருந்த கதவை விட்டுவிட்டு, மகளருகே உட்கார்ந்தாள்.